இடது கரை

பெரிய காஞ்சிபுரம்
10.9.1974

இல்லை அண்ணி, அண்ணன் எங்கும் போகவில்லை. தறியில்தான் இருக்கிறார். இதை எழுதும்போதுகூட உள்ளே சத்தம் கேட்கிறது.

முதலில் உங்களை நலம் கேட்டிருக்க வேண்டும். கால் வீக்கம் வடிந்ததா? தாய்வீட்டில் தூக்கம் வருகிறதா? நாங்கள் இருவரும் சுகம். வளைகாப்பு முடிந்து உங்களை மாகறல் வண்டியில் ஏற்றிவிட்டு வந்த நாளிலிருந்து வீடு சற்றுப் பெரிதாகிவிட்டது. வேறு மாற்றம் இல்லை.

உங்கள் இடத்தில் நான் உட்கார்கிறேன். அண்ணன் தறிக்குழியில் இருந்து சேலையின் உடலையும் இடது கரையையும் நெய்கிறார். நான் அவருக்கு வலப்பக்கம் இருந்து வலது கரைக்கு, ஊடை நூலை ஓட்டும் நாடாவைப் போடுகிறேன். அவர் போட்டதும் நான். நான் போட்டதும் அவர். பட்டணத்தில் எம்.ஏ. படித்த காலத்தில் என் கை இதை மறந்துவிட்டிருந்தது. "ஒங்க அண்ணி போட்டா தறி பாடும். நீ போட்டா இருமுது" என்கிறார்.

நெசவாளர் சங்கத்துச் செயலாளர் ஆதிகேசவன் வந்திருந்தார். குடியரசு தினத்தன்று பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு விழா எடுக்கப் போகிறார்களாம். சண்டையில் செய்ததற்கு அல்ல. திரும்பி வந்த பிறகும் சுற்றுவட்டாரத்துக்குச் செய்துகொண்டிருப்பதற்கு. முதல் பெயர் அண்ணன் பெயர்.

"ஏம்மா குழலி, படிச்சிட்டு வேல வர்ற வரைக்கும் சும்மாத்தானே இருக்கற. வாழ்த்துமடல் நீயே எழுதிடு. அஞ்சா நெஞ்சர் பஞ்சாட்சரம்னு ஆரம்பி. மத்தது தானா வரும்."

அண்ணன் தலையை நிமிர்த்தாமல், "நெஞ்சு கிடக்கட்டும். சங்கத்துல நல்ல ஜரிகையா குடுக்கச் சொல்லுப்பா" என்றார்.

நீங்கள் எதைக் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். மழை ஏமாற்றிவிட்டது. ஊருக்கு ஊர் கிணற்றை ஆழப்படுத்தப் பாறைக்கு வெடி வைக்கிறார்கள். எங்காவது பாறைத் துளையில் வைத்த வெடித்தோட்டா ஒன்று வெடிக்காமல் நின்றுபோனால் அதை எடுக்க அண்ணனைத் தேடி வருவார்கள். இந்த மாதம் யாரும் வரவில்லை. எல்லாத் தோட்டாக்களும் வெடித்துவிட்டன போலிருக்கிறது.

அண்ணனின் வேட்டியை ஊறப்போட வேண்டும். ஒரே செம்மண். நிறுத்துகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஏலவார்குழலி


மாகறல்
19.9.1974

அன்பான குழலிக்கு,

இங்கே எல்லாரும் நலம். வயிற்றில் இருப்பதும் நலம், உதைக்கிறது. நீயும் உன் அண்ணனும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அவருக்கு இடது காதில் இரைச்சல் இருக்கிறதா? இடப்பக்கம் நின்று கூப்பிடாதே, கேட்காது. தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன்.

விழா என்று கேட்டதும் அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். அப்பா, "மாப்பிள்ளைக்குப் பொன்னாடையா? காஞ்சிபுரத்துக்காரனுக்கே பட்டுத் துணியப் போத்தறாங்களா?" என்று சிரிக்கிறார். எனக்கும் சந்தோஷம்தான்.

நம் தெருவில் செம்மண் கிடையாதே குழலி. சரி. நான் கேட்கவில்லை.

எனக்கு ஒன்று வேண்டும். இப்போது தறியில் இருக்கும் பாவு நூல் முடியும்போது ஒரு சாண் கூடுதலாக நெய்து அனுப்பு. நம் வழக்கம் உனக்குத் தெரியும், பிறக்கிற பிள்ளைக்கு முதல் பட்டு அப்பன் கையால் நெய்த துண்டாக இருக்க வேண்டும். குல்லாய் தைத்துக்கொள்கிறேன். அகலம் முழுவதும் வேண்டும், இரண்டு கரையும் இருக்கட்டும். இடது கரையை உன் அண்ணனே நெய்யட்டும். வேறு யாரையும் உட்கார வைக்காதே.

அவர் பட்டாளத்திலிருந்து வந்த புதிதில் என்னிடம் ஒன்று சொன்னார். எழுத நினைத்தேன். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உன் அண்ணி
கமலவேணி


பெரிய காஞ்சிபுரம்
28.10.1974

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நலமே எழுதுங்கள். பதில் தாமதத்துக்குப் பாவுதான் காரணம், இழுத்துக்கொண்டே போனது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் அறுத்தோம். நீங்கள் கேட்ட துண்டைப் பக்கத்து வீட்டுத் தில்லையம்மாளிடம் கொடுத்திருக்கிறேன். பிரதோஷத்துக்கு உங்கள் ஊர்க் கோயிலுக்கு வருகிறாள். "என்னாடி இது, புள்ளத்தாச்சிக்கு ஒரு மொழம் பூகூட இல்லாம வெறும் துணிய அனுப்பற" என்று திட்டிவிட்டு, அவளே பூ வாங்கிக்கொண்டாள்.

மாம்பழ நிறத்தில் உடல். அரக்குக் கரை. அண்ணனே நெய்தார். வேறு யாரும் உட்காரவில்லை.

நான் இப்போது வேகமாகிவிட்டேன், அண்ணி. நம்ப மாட்டீர்கள். முன்பு அண்ணன் எனக்காகக் காத்திருப்பார். இப்போது நான்தான் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருக்கிறேன்.

வாழ்த்துமடல் நகரவில்லை. அஞ்சா நெஞ்சர் என்று எழுதினேன். அடுத்த வரி வரவில்லை. வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. பெரும்பாலும் தபால்காரர். அல்லது பால். சைக்கிளில் வருகிறவர்களில் எத்தனை பேர் பயப்பட வேண்டாதவர்கள் என்று இப்போதுதான் கவனிக்கிறேன்.

அண்ணன் நலமாக இருக்கிறார். கீழே அவரே ஒரு வரி எழுதுவதாகச் சொன்னார். பிறகு, "கையில சாயம், நீயே எழுதிடு" என்றுவிட்டார். சாயம் எதுவும் இல்லை. சோம்பல்தான்.

குழலி


மாகறல்
17.11.1974

குழலிக்கு,

தீபாவளி போயிற்று. இங்கே நலம். தில்லையம்மா துண்டைக் கொடுத்து நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

துண்டை மடியில் விரித்துப் பார்த்தேன். வலது கரை உன்னுடையது. புதிய கை என்று தெரிகிறது, ஆனாலும் உடலும் கரையும் சேரும் இடம் நூல் பிடித்தாற்போல நேராக நிற்கிறது. இடது கரை உன் அண்ணன் போட்டது. சேரும் இடத்தில் ஒரு இழை உள்ளே, ஒரு இழை வெளியே. நடுவில் கொஞ்சம் சரியாக வருகிறது. பிறகு மறுபடியும்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை போட்டவள் நான். அவருக்கு இப்படி வராது.

சொல்ல நினைத்ததை இப்போது சொல்கிறேன். எல்லையில் புதைத்து வைத்த வெடிகளைத் தோண்டி எடுக்கும் வேலை அவருக்கு. உடன் இருந்த பரசுராமன் என்பவருக்குக் கை நடுக்கம் வந்தது. அவர் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. உன் அண்ணனுக்குத் தெரியும். அவரும் சொல்லவில்லை. இவ்வளவுதான் என்னிடம் சொன்னார். மீதியை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் கிணறுகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நீ மறைத்தது எனக்காக. நானும் உன்னிடம் கேட்காமல் இருந்தது உனக்காக. இனிமேல் வேண்டாம்.

நான் சொல்வதைச் செய். காலையில் கொஞ்சம் நெய்ததும் இடது கரையைப் பார். நேராக நின்றால், யார் கூப்பிட வந்தாலும் உள்ளே விடு. நான் தடுக்கவில்லை, அது அவர் வேலை. கரை கோணினால், ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடு. வாசலிலேயே சொல். தறிச் சத்தத்தில் அவர் காதில் விழாது. அவரிடம் எதுவும் சொல்லாதே. நடுக்கத்தை நாம் கண்டோம் என்று தெரிந்தால் அதைப் பொய்யாக்கவே இறங்குவார்.

பிள்ளை முகம் அவர் பார்க்க வேண்டும் குழலி. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கமலவேணி


பெரிய காஞ்சிபுரம்
26.11.1974

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். உங்களுக்குப் பொய் வலி வந்துபோனதாகத் தில்லையம்மாள் சொன்னாள். நடமாடிக்கொண்டே இருங்கள்.

ஆமாம். போய்க்கொண்டுதான் இருந்தார். ஆவணியிலும் புரட்டாசியிலும் ஐப்பசியிலும். கிளம்பும்போது என்னிடம், "கோயிலுக்குப் போய்ட்டு வரேன்" என்பார். கோயிலுக்குப் போகிறவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு போவதில்லை. நானும், "சரி" என்பேன். பிறகு சமையலறையில் நின்றுகொண்டிருப்பேன். எதுவும் சமைக்க மாட்டேன். ஒவ்வொரு முறையும் மறுநாள்தான் வந்தார். கேட்கவில்லை.

பட்டணத்தில் பயத்தைப் பற்றி நிறைய வாசித்தேன். அது ஒரு எண்ணம் என்று நினைத்திருந்தேன். அது முழங்காலில் இருக்கிறது, அண்ணி.

நீங்கள் சொன்னதைச் செய்தேன்.

முந்தாநாள் காலை கரை மோசமாக இருந்தது. பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அவருடைய நாடா ஒரு முறை பாவில் இடித்து நின்றது. அவர், "ஈரக் காத்து" என்றார். கொஞ்ச நேரத்தில் வாசலில் இரண்டு சைக்கிள். நான் எழுந்து போனேன். அவர் தனியாக, தறியில் எதையோ சரிசெய்து தட்டிக்கொண்டிருந்தார்.

"பஞ்சாட்சரம் அண்ணன் இருக்காராம்மா? நாங்க உத்திரமேரூர் பக்கம். கெணத்துல ஒண்ணு நின்னுபோச்சு."

"ஊர்ல இல்லைங்க. பட்டணம் போயிருக்கார்."

"அப்ப உள்ள தறி யாரு அடிக்கறது?"

"கூலிக்கு ஆள் வெச்சிருக்கோம்."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியாது. மற்றவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வந்தா சொல்லும்மா. குப்புசாமி வந்து கேட்டான்னு சொல்லு. நாளைக்குக் காத்தால வரைக்கும் பாப்போம்" என்றார். வெயிலில் மிதித்து வந்தவர். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பை வாசற்படியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன். சாப்பாடு ருசித்தது.

குழலி


மாகறல்
15.12.1974

குழலிக்கு,

அப்பா கார்டு வாங்கி வந்தார். பெண் பிறந்திருக்கிறது. இருவரும் நலம். நிறைய முடி. உன் அண்ணனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம், அதற்கு முன் இது வந்தாலும் வரலாம். கடைசிக் கடிதத்துக்குப் பிறகு நீ எழுதவே இல்லையே. உடம்பு சரியில்லையா?

கமலவேணி


மாகறல்
2.1.1975

அன்பான குழலிக்கு,

நானும் குழந்தையும் நலம். உன் நலம் தெரியவில்லை. கார்டுக்கும் பதில் இல்லை. குழந்தையைப் பார்க்க உன் அண்ணன் மட்டும் வந்தார். உன்னைக் கேட்டேன். "தறியப் பாத்துக்கினு இருக்கா" என்றார். இருவர் போடும் தறியை ஒருத்தி எப்படிப் பார்த்துக்கொள்வாள்?

குழந்தையைக் கையில் வாங்கினார். கை நடுங்கியது. என் எதிரே, அம்மா எதிரே. மறைக்கவில்லை. முன்பெல்லாம் ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார் போலிருக்கிறது, நான்தான் இப்போது யோசித்துப் பார்க்கிறேன். குழந்தை அந்த ஆட்டத்தில் தூங்கிவிட்டது. அம்மா, "மாப்ள கையே தூளியா இருக்குது" என்றாள். அவர் சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது, "என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன். "குழலிய கேளு" என்றார்.

கேட்கிறேன். என்ன நடந்தது? எதுவானாலும் எழுது. பிள்ளை பெற்றவளுக்குச் சொல்லக் கூடாது என்று நிறுத்திவைக்காதே. தெரியாமல் இருப்பதில்தான் எனக்குப் பால் வற்றுகிறது.

உன் அண்ணி


பெரிய காஞ்சிபுரம்
8.1.1975

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நலமா? குழந்தை நலமா?

குப்புசாமி இறந்துவிட்டார்.

சொம்பைக் கவிழ்த்து வைத்தாரே, அவர். கிணறு வெட்டுகிறவர். மறுநாள் காலைவரை அண்ணனுக்காகப் பார்த்திருக்கிறார்கள். கிணற்றுக்காரர் அவசரப்பட்டிருக்கிறார். பட்டாளத்தார்தான் ஊரில் இல்லையே, இன்னும் எத்தனை நாள் வேலையை நிறுத்துவது என்று குப்புசாமியே கடப்பாரையோடு இறங்கியிருக்கிறார்.

உடன் வந்த இன்னொருவர் கார்த்திகை கடைசியில் இங்கே வந்தார். சைக்கிள் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அண்ணனே கதவைத் திறந்தார்.

"பட்டணத்துலருந்து எப்ப வந்தீங்கண்ணே?"

"எந்தப் பட்டணம்?"

நான் தறிப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த ஆள் என்னைப் பார்த்தார். பிறகு தறியைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "நீங்க இருந்திருந்தா அவன் எறங்கியிருக்க மாட்டான்" என்று மட்டும் அண்ணனிடம் சொன்னார். அதைச் சொல்லத்தான் வந்தேன் என்பது போலப் போய்விட்டார்.

அண்ணன் குழியில் இறங்கி உட்கார்ந்தார். நாடாவை எடுக்கவில்லை.

"அன்னிக்கு எடது கரை எப்படி இருந்துச்சு?" என்றார்.

அவருக்குத் தெரியும், அண்ணி. நான் தினமும் குனிந்து பார்ப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"மோசமா" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு."

நான் அழவில்லை. அழுதால் அவர் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். "நீங்க எறங்கியிருந்தா?" என்றேன். அதுதான் எனக்கு மிச்சமிருந்த ஒரே நியாயம்.

"நான் எறங்கி ரொம்ப நாளாச்சு, குழலி. கை ஆட ஆரம்பிச்ச அன்னிக்கே நிறுத்திட்டேன். எறங்கறது கடைசி வேல. நான் போயி கெணத்து மேட்டுல ஒக்காந்துக்குவேன். ஒருத்தனையும் கிட்ட வுட மாட்டேன். திட்டுவானுங்க, கெஞ்சுவானுங்க. அசையமாட்டேன். தண்ணி ஊத்தி ஊற வுட்டு, மறுநா ஒதுக்குப்புறமா வேற குழி போட எடம் காட்டுவேன். கை நல்லா இருக்கறவன் போடுவான், அது வெடிக்கறப்ப இதுவும் சேந்து போயிடும். அவ்ளோதான் என் வேல."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா? எறங்காத பட்டாளத்தான் பேச்ச எவன் கேப்பான்? நான் எறங்குவேன்னு நெனைக்கறதாலதான் அவனுங்க எறங்காம நிக்கறானுங்க."

பிறகு, "பரசுராமன்கிட்டயும் நான் சொல்லல. ஒக்காரு, எறங்காதேன்னு ஒரு வார்த்த" என்றார்.

நாம் இருவரும் அவர் உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டோம். அது ஆபத்தில் இல்லை. இருந்தது வேறொருவர் உயிர். அவருக்கு நான் தண்ணீர் கொடுத்தேன்.

இதை உங்களுக்கு எழுதும் தைரியம் எனக்கு ஒரு மாதமாக இல்லை. அண்ணன் என்னோடு பேசாமல் இல்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார். தறிதான் ஓடவில்லை. அவர் குழியில் இறங்குகிறார். நான் பலகையில் உட்காருகிறேன். யாரும் முதல் நாடாவை எடுப்பதில்லை.

விழா நடக்கும் என்கிறார் ஆதிகேசவன். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. வாழ்த்துமடலில் இன்னும் அந்த ஒரே வரிதான் இருக்கிறது.

குழலி


மாகறல்
15.1.1975

குழலிக்கு,

பொங்கல் வைத்தோம். குழந்தை நலம். நான் நலம் என்று எழுத வரவில்லை, அதனால் எழுதவில்லை.

சொல்லி அனுப்பச் சொன்னவள் நான். உன் வாய்தான் பேசியது, பேச்சு என்னுடையது. பாதி எனக்கு. அதை நீ ஒருத்தியே வைத்துக்கொள்ளாதே.

குப்புசாமிக்குப் பிள்ளைகள் உண்டா? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் போய்த் தெரிந்துகொள்.

அப்பா எங்கள் கிணற்றுக்கும் வெடி வைக்க ஆள் பேசியிருந்தார். குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டு, உன் கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டினேன். வெடி வேண்டாம் என்று அப்பா சொல்லவில்லை. ஒன்று நின்றுபோனால், மாப்பிள்ளை வருகிறவரைக்கும் தானே மேட்டில் உட்காருவதாகச் சொன்னார். அப்பா யார் பேச்சையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

குல்லாய் தைத்தாயிற்று. இடது கரை நெற்றிப் பக்கம் வருகிறது. நான்தான் அப்படி வைத்தேன்.

மடலில் என்ன எழுதுவாய்?

அண்ணி


உத்திரமேரூர் சாலையில், ஒரு கிணற்றடியிலிருந்து
27.1.1975

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் இதுவரை நலம். மடியில் தாளை வைத்து எழுதுகிறேன், கோணலாக இருக்கும். டீ கொண்டுவரும் ஆள் திரும்பிப் போகும்போது தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

குப்புசாமிக்கு ஒரு மகள். பெயர் இந்திராணி. கல்யாணமானவள். போன வாரம் அண்ணனும் நானும் போனோம். நான் சொன்னேன், எல்லாவற்றையும். அவள் எழுந்து பாயை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். நாங்கள் கிளம்பும்போது, "எங்கப்பா பேர எங்கயாவது சொல்லுங்க" என்றாள்.

நேற்று விழா. மைக், மாலை, கொடி. ஆதிகேசவன் முதலில் பேசினார். எதற்கும் அஞ்சாதவர் என்றார், பலமுறை. பிறகு என்னைக் கூப்பிட்டார். எழுதியிருந்த ஒரே வரியை அடித்துவிட்டு, காலையில் வேறு எழுதியிருந்தேன். அண்ணனிடம் காட்டினேன். "இத படிச்சா இனிமே என் பேச்ச கேப்பாங்களா?" என்றார். "தெரியாது" என்றேன். "சரி, படி" என்றார்.

படித்தேன். 'இவர் பயப்படுகிறவர். இவர் கிணற்றில் இறங்குவதில்லை. இவருடைய கை நடுங்குகிறது. வெடிக்காமல் நின்ற ஒவ்வொரு கிணற்றின் மேட்டிலும் உட்கார்ந்து, இவர் மற்றவர்களை இறங்க விடாமல் காத்திருக்கிறார். அதனால் சிலர் வீடு திரும்பியிருக்கிறார்கள். குப்புசாமி திரும்பவில்லை. அன்று இவரை வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பியவள் நான்.'

கூட்டம் கைதட்டவில்லை. பின்னால் யாரோ, "எறங்காதவனுக்கு எதுக்குப்பா பொன்னாடை?" என்றது கேட்டது. ஆதிகேசவன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "என்னாம்மா இப்படி எழுதிட்ட?" என்றார். பிறகு பொன்னாடையைப் போர்த்தினார். வேறு என்ன செய்வார், போர்த்தித்தானே ஆக வேண்டும். அண்ணன் கும்பிட்டார். கும்பிட்ட கை ஆடியது. எல்லாரும் பார்த்தார்கள். அவர் பார்க்கவிட்டார்.

இன்று காலை வாசலில் சைக்கிள் நின்றது.

வந்தவருக்குக் குப்புசாமியின் ஊருக்கு அடுத்த ஊர். நானே போய்க் கதவைத் திறந்தேன். "ஊர்ல இருக்கார்" என்றேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அண்ணன் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, "கோயிலுக்குப் போய்ட்டு வரேன்" என்றார். "நானும் வரேன்" என்றேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

கிணறு ஆழம். எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கீழே பாறை, ஈரம், ஒரு மூலையில் சின்னத் துளை. அவ்வளவுதான் அது. ஒரு விரல் நுழையும் துளை.

அண்ணன் மேட்டில் போய் உட்கார்ந்தார். ஒரு இளைஞன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றான். பெயர் அர்ஜுனன். நேற்றைய விழாவுக்கு வந்திருக்கிறான்.

"நீதான் எறங்க மாட்டியே, அண்ணே. மைக்குல சொன்னாங்களே. நான் எறங்கறேன். எனக்குக் கை ஆடல."

"தெரியுது."

"அப்புறம்?"

"ஒக்காரு."

"பயந்தவங்கல்லாம் ஒதுங்கி ஒக்காருங்க" என்று அவன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். அண்ணன் தன் கையை நீட்டிக் காட்டினார். அது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "இது பயம்தாம்பா. இத பாத்துக்கினே ஒக்காரு. அன்னிக்கு குப்புசாமி எதிர்ல இந்தக் கை இல்லாம போச்சு."

அந்தப் பெயர் இங்கே எல்லாருக்கும் தெரிந்த பெயர். சிரிப்பு நின்றது. அர்ஜுனன் கயிற்றை அவிழ்க்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. கிணற்றின் விளிம்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அவன் காலைத் தவிர வேறெதையும் என்னால் பார்க்க முடியவில்லை. கிணற்றுக்காரர் ஏதோ முணுமுணுத்தார். யாரோ குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து துளை இருக்கும் மூலைக்குச் சாய்த்தார்கள். அது கீழே போய்ச் சேரும் சத்தம் தாமதமாகக் கேட்டது.

பிறகு அவன் காலை எடுத்தான். கயிற்றை அவிழ்த்துத் தரையில் போட்டான். "எவ்ளோ நேரம் ஒக்காரணும்?" என்றான்.

"நாளைக்கு வரைக்கும்."

"சோறு?"

"கெணத்துக்காரர் போடுவார்."

தோட்டா இன்னும் கீழேதான் இருக்கிறது. நாளை வேறு குழி போடுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணி. ஆனால் யாரும் இறங்கவில்லை. டீ ஆள் கிளம்புகிறார். குழந்தைக்கு என் முத்தம்.

இதை முடித்து டீ ஆளிடம் கொடுத்துவிட்டு, நான் செருப்பைக் கழற்றி வைத்து, மேட்டில் ஏறி, அண்ணனுக்கு இடப்பக்கம், கேட்காத காதின் பக்கம் உட்கார்ந்தேன் என்று கடைசி வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழலி